சிபாரிசுக் கடிதத்தை நம்பி மெசினுக்கு முற்பணம் கட்டினேன்

2022 ஜனவரியிலிருந்து 2023 ஏப்ரல் வரைக்கும், பதினாறு மாதம், ஒரு சலுகைக் கடனுக்காக அலைந்தேன். போன பயணங்களை ஒரு கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன். மொத்தம் 31. பிரதேச செயலகம், கச்சேரி (மாவட்ட செயலகம்), வங்கி, பிரதேச சபை, மறுபடியும் வங்கி. கடைசியில் அந்தக் கடன் கிடைக்கவில்லை. கையை விட்டுப் போன காசு 1 இலட்சத்து 43 ஆயிரத்து 400 ரூபா. மட்டக்களப்பில் வீட்டோடு ஒரு கொட்டில் இறக்கி, தூள் அரைத்தும் மா அரைத்தும் பொதி செய்து விற்கிற பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறோம். அரசாங்கம் சிறு தொழிலுக்கு உதவுகிறதாம் என்று கேள்விப்பட்டதும் எல்லோரும் என்னைப் போலத்தான் ஓடுவார்கள். ஓடுவதற்கு முன் என்னை யாராவது இருத்தி வைத்து இதில் பாதியையாவது சொல்லியிருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும். அதனால்தான் ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிறது. கணவர் மேசன் வேலை செய்பவர். நான் 2016 இல் பக்கத்து வீடுகளுக்கு மிளகாய்த்தூள் செய்து கொடுக்கத் தொடங்கினேன். பிறகு கறித்தூள், சிவப்பரிசி மா, குரக்கன் மா என்று கூடியது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலடியில் ஒரு மேசை போட்டால் நாலைந்து நாளில் ஒரு மாத வியாபாரம் நடக்கும். எல்லாம் வெளி மில்லில்தான் அரைத்தேன். அங்கே எனக்கு முன்னால் ஒருவர் உளுந்து அரைத்திருப்பார், இன்னொருவர் மஞ்சள் அரைத்திருப்பார். என்னுடைய மாவில் அந்த வாசம் ஏறிவிடும். "போன முறை எடுத்த மா மாதிரி இல்லையே புள்ள" என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வராது. சொந்தமாக ஒரு மெசின் வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிறந்தது.

முதலாவது வாய்ப்பை நான் 2020 இலேயே கோட்டை விட்டுவிட்டேன். கொரோனாக் காலத்தில் மத்திய வங்கி 4 வீத வட்டியில் ஒரு கடன் வசதியை வங்கிகள் ஊடாகக் கொடுத்தது. சௌபாக்யா என்ற பெயரில் வந்தது. தையல் கடை வைத்திருக்கும் என் சினேகிதி ஒருத்திக்கு அது கிடைத்தது. அவளைக் கேட்டுக்கொண்டு நானும் போனேன். வங்கியில் கேட்ட முதல் கேள்வி, "வியாபாரப் பெயர்ப் பதிவு இருக்கா?" என்பது. இரண்டாவது, "தொழில் பேரில கணக்கு ஓடுதா?" என்பது. நான் நாலு வருடமாகத் தொழில் செய்கிறேன், ஆனால் அது நடப்பதற்குக் காகிதத்தில் ஒரு சாட்சி இல்லை. விற்ற காசெல்லாம் அலுமாரியில் ஒரு டின்னுக்குள் இருந்தது. இந்த மாதிரிக் கடன்கள் அறிவித்துச் சில மாதத்துக்குள் மூடிவிடும். நான் பதிவு செய்து முடிக்கும்போது அது மூடியாயிற்று. திட்டம் வந்த பிறகு காகிதம் தேடினால் காகிதம் வரும்போது திட்டம் போயிருக்கும். இன்றைக்குக் கடன் வேண்டாம் என்று நினைப்பவர்களும் வியாபாரப் பெயர்ப் பதிவை இப்போதே செய்து வையுங்கள். கிராம சேவகரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தில் கொடுப்பதுதான். இடம் உங்கள் பெயரில் இல்லாவிட்டால் உரிமையாளரின் சம்மதக் கடிதத்தையும் சேர்த்துக்கொண்டு போங்கள். அதற்காகவே நான் இரண்டு முறை திரும்பி வந்தேன்.

2022 தைப்பொங்கல் முடிந்த கையோடு ஒரு சலுகைக் கடன் பற்றிப் பிரதேச செயலகத்தில் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். குறைந்த வட்டி, ஆறு மாதச் சலுகைக் காலம், பெண்களுக்கு முன்னுரிமை என்று சொன்னார்கள். நான் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். 8 இலட்சம் கேட்டிருந்தேன். மெசினுக்கு, கொட்டிலைத் திருத்துவதற்கு, பொதியிடும் சீலருக்கு, மூலப்பொருளுக்கு. இரண்டு கிழமையில் ஒரு சிபாரிசுக் கடிதம் கையில் தந்தார்கள். முத்திரை குத்தி, கையொப்பம் வைத்து, என் பெயர் தட்டச்சில் போட்டிருந்தது. கடிதத்தைத் தந்தவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார்: "அநேகமா உங்களுக்குக் கிடைக்கும், பயப்படாதீங்க." வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தைச் சாமித்தட்டில் வைத்தேன்.

அந்த "அநேகமா" என்ற ஒரு சொல்லை நம்பி நான் செய்த வேலைதான் என் மிகப் பெரிய பிழை. அரைக்கும் மெசினும் வறுக்கும் மெசினும் சேர்த்து 5 இலட்சத்து 20 ஆயிரம் என்று ஒரு கொட்டேசன் எடுத்திருந்தேன். விற்பவர், "இந்த விலை மறுகா இருக்காது, முற்பணம் போட்டா நிப்பாட்டி வைக்கலாம்" என்றார். என் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து 1 இலட்சத்து 60 ஆயிரம் கட்டினேன். கொட்டேசனின் அடியில் சின்ன எழுத்தில் "14 நாட்களுக்கு மட்டும் செல்லுபடியாகும்" என்று இருந்தது. அதை நான் வாசிக்கவில்லை. முற்பணத்துக்குத் தந்த துண்டில் என்ன மெசின், என்ன விலை, தராவிட்டால் காசைத் திருப்பித் தருவார்களா என்று ஒரு வரியும் இல்லை. தொகையும் திகதியும் மட்டும்.

பிறகு நடந்ததை இந்த நாட்டில் இருந்த எவரும் மறக்க மாட்டார்கள். பங்குனியில் டொலரின் கட்டுப்பாட்டை விட்டார்கள். 200 ரூபாவை அண்டி நின்ற டொலர் இரண்டு மாதத்துக்குள் 360 ஆனது. இந்த மெசின்களும் மோட்டர்களும் இறக்குமதிதானே. விற்பவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "அக்கா, இப்ப 9 இலட்சம்" என்றார். சித்திரை பிறக்க முன்னமே, ஏப்ரல் 8 ஆம் திகதி, மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளிகள் கூட்டியது. வருடத்தின் நடுப்பகுதிக்கு வரும்போது வங்கிக் கடன் வட்டி 20 வீதத்தைத் தாண்டிவிட்டது. சலுகைக் கடன்களைப் பற்றிக் கேட்டால், "இப்போதைக்கு மேலிடத்திலிருந்து அறிவித்தல் வரும் வரைக்கும் பொறுங்க" என்றார்கள். மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் போனது. சீமெந்து இல்லாமல் கணவருக்கும் வேலை நின்றது. சங்கிலி அடகில், முற்பணம் அவரிடம், மெசின் இல்லை. கல்லடிப் பாலத்தால் பஸ்ஸில் திரும்பி வரும்போது யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். வீட்டில் அழ முடியாது, பிள்ளைகள் பார்க்கும்.

நாட்டு நெருக்கடிதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று நான் ஒரு வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது முழு உண்மை அல்ல. நெருக்கடி வராமல் இருந்திருந்தாலும் எனக்கு அந்தக் கடன் கிடைத்திருக்காது. ஏனென்று வங்கியில் ஒரு கடன் உத்தியோகத்தர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். அரசாங்கத்தின் சலுகைக் கடன் என்றால் பெரும்பாலும் அரசாங்கம் தாங்குவது வட்டியின் ஒரு பங்கைத்தான். கடன் வாங்கிய காசை நீங்கள் திருப்பிக் கட்டாவிட்டால் அந்த நட்டம் வங்கியின் தலையில். அதனால் கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பது வங்கி. பிரதேச செயலகத்தில் தரும் சிபாரிசு, இவர் இந்த இடத்தில் இந்தத் தொழில் செய்கிறார் என்ற அறிமுகம் மட்டும். அதை நான் அனுமதி என்று நினைத்துவிட்டேன். தருகிற உத்தியோகத்தரும் அந்த வித்தியாசத்தைச் சொல்லவில்லை. உங்கள் கையில் ஒரு கடிதம் வந்தால் அதில் "அனுமதிக்கப்பட்டுள்ளது" என்று தொகையோடு இருக்கிறதா, "சிபாரிசு செய்கிறேன்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். வங்கியின் அனுமதிக் கடிதத்தில் தொகை, வட்டி, தவணை எல்லாம் எழுதியிருக்கும். அதைக் கையில் வாங்கும் வரைக்கும் எவருக்கும் ஒரு ரூபா முற்பணம் கட்டாதீர்கள்.

இனி வங்கியில் நான் சறுக்கிய இடங்களைச் சொல்கிறேன். முதலாவது, திட்ட அறிக்கை. வங்கிக்குத் திட்ட அறிக்கை வேண்டும் என்றதும் ஒருவர் வந்தார். தனக்கு மேலே ஆள் இருப்பதாகவும் தன்னுடைய அறிக்கை என்றால் நிராகரிக்க மாட்டார்கள் என்றும் சொல்லி 18 ஆயிரம் வாங்கினார். முப்பது பக்கம், நிறப் படங்கள், வரைபுகள். பார்க்க அழகாக இருந்தது. நேர்முகத்தில் வங்கி முகாமையாளர் அதைத் திறந்து, "மாதம் 3,000 கிலோ விற்பீங்க என்று இருக்கே, இப்ப எவ்வளவு விற்கிறீங்க?" என்று கேட்டார். 400 கிலோ என்றேன். "இந்த 3,000 எங்கேயிருந்து வந்தது?" எனக்குத் தெரியாது. இன்னொரு பக்கத்தில் தும்புத் தொழிலின் மூலப்பொருள் பற்றி ஒரு பந்தி இருந்தது. வேறு யாருக்கோ செய்த அறிக்கையில் என் பெயரை மாற்றித் தந்திருக்கிறார். அந்த மேசையின் முன்னால் இருந்தபோது எனக்குக் கை நடுங்கியது. முகாமையாளர் என்னைத் திட்டவில்லை. அறிக்கையை மூடிவிட்டு, "இதை நீங்களே எழுதிக்கொண்டு வாங்க, நாலு பக்கம் போதும்" என்றார்.

நாலு பக்கம் எழுத எனக்கு மூன்று கிழமை பிடித்தது. ஆனால் அந்த மூன்று கிழமையில்தான் என் தொழிலை நானே முதல் முறையாகப் பார்த்தேன். ஒரு கிலோ செத்தல் மிளகாயைக் காம்பு நீக்கி, வறுத்து, அரைத்தால் ஒரு கிலோத் தூள் வராது. அந்தக் குறைவை நான் விலையில் சேர்த்ததே இல்லை. என் கூலியைச் சேர்த்ததில்லை. ஆட்டோக் காசைச் சேர்த்ததில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் சிவப்பரிசி மாவில் கொஞ்சம் இலாபம், மிளகாய்த்தூளில் சில மாதங்கள் நட்டம். இதற்கு எனக்கு உதவியது பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறு தொழில் முயற்சி அபிவிருத்தி உத்தியோகத்தர். ஒரு சதமும் வாங்காமல், பக்கத்தில் இருந்து வரவு செலவு எழுதக் காட்டித் தந்தார். அந்தத் தம்பி அங்கே இருப்பதே தெரியாமல் நான் வெளி ஆளுக்கு 18 ஆயிரம் கொடுத்திருந்தேன். உங்கள் பிரதேச செயலகத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். விதாதா வள நிலையம் (சிறு தொழிலுக்குத் தொழில்நுட்பம் காட்டித் தரும் அரச நிலையம்), கைத்தொழில் அபிவிருத்திச் சபையின் மாவட்ட அலுவலகம், தேசிய தொழில் முயற்சி அபிவிருத்தி அதிகார சபை, இவர்களிடம் கடன் கேட்டுப் போவதை விடப் பயிற்சியும் ஆலோசனையும் கேட்டுப் போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள் என்பது என் அனுபவம்.

இரண்டாவது, பிணை. இரண்டு அரச ஊழியர்கள் வேண்டும் என்றார்கள். சொந்தத்தில் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், மாமா முறை. அவர் சம்பளச் சிட்டையை எடுத்துக் காட்டி, "பாருங்க மகள், கழிவெல்லாம் போக மிச்சம் இவ்வளவுதான், வங்கியும் ஏற்காது" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இப்போது இல்லை. பிணைக்கு நிற்பது என்றால் என்ன என்று அடுத்ததாகச் சொல்லப்போகும் விசயத்தில் நானே பட்டுத் தெளிந்தேன். காணியை ஈடு வைக்கலாமா என்று கேட்டேன். நாங்கள் இருப்பது மாமியின் பெயரில் உள்ள பெமிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த காணி. பெமிட் காணியை உறுதிக் காணி மாதிரி நினைத்தபடி ஈடு வைக்க முடியாது. அதிலும் பெயர் என்னுடையது அல்ல. எங்கள் மாவட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு இந்த இடத்தில்தான் கதவு மூடும் என்று எனக்குப் படுகிறது. மாமியோ கணவரின் அப்பாவோ உயிரோடு இருக்கும்போதே அடுத்த உரித்தாளியைப் பெமிட்டில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். இது கடனுக்கு மட்டுமான விசயம் அல்ல.

மூன்றாவதுதான் என்னை நிலைகுலைய வைத்தது. "உங்கட கிரிப் சரியில்லையே" என்றார்கள். கிரிப் என்பது கடன் தகவல் பணியகம். 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. வங்கியிலோ லீசிங் கம்பனியிலோ நாம் எடுத்த கடன், ஒழுங்காகக் கட்டினோமா என்ற விபரம் எல்லாம் அங்கே இருக்கும். நான் கடன் எடுத்ததே இல்லையே என்று வாதாடினேன். எடுத்துக் காட்டினார்கள். 2018 இல் கணவரின் தம்பி ஆட்டோ ஒன்றை லீசிங்கில் எடுத்தபோது, "ஒரு கையெழுத்துத்தானே மச்சாள்" என்று கேட்டார். வைத்தேன். கொரோனாவில் ஓட்டம் இல்லாமல் அவர் மாதக்கணக்காகத் தவணை கட்டவில்லை. பிணையாளி என்ற இடத்தில் என் பெயர், என் அடையாள அட்டை இலக்கம். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, கடிதம் வந்ததோ என்னவோ, என் கையில் கிடைக்கவில்லை. கிரிப் யாரையும் தடை செய்வதில்லை, அது பதிவு மட்டும்தான். ஆனால் அந்தப் பதிவைப் பார்த்து வங்கிதான் முடிவெடுக்கும். உங்கள் சொந்த அறிக்கையை ஒரு கட்டணம் கட்டி நீங்களே எடுத்துப் பார்க்கலாம். கடனுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் வந்த நாளே, வேறு எதற்கும் முன்னால், அதைச் செய்யுங்கள். நான் இதை முதல் மாதத்தில் செய்திருந்தால் மிச்சம் பதினைந்து மாதமும் சங்கிலியும் தப்பியிருக்கும். மச்சானோடு ஆறு மாதம் கதைக்கவில்லை. பிறகு அவரே நிலுவையைக் கட்டி முடித்துக் கடிதம் எடுத்துத் தந்தார். அவருடைய நிலைமையும் எனக்குத் தெரியும். எங்களுக்குள் இப்போது பகை இல்லை, ஆனால் நான் இனி எவருக்கும் கையெழுத்து வைப்பதில்லை.

இதற்கிடையில் தொழிலின் காகிதங்கள். உணவுப் பொருள் செய்பவர்களுக்கு வியாபாரப் பெயர்ப் பதிவு மட்டும் போதாது. பிரதேச சபையின் வியாபார உரிமம் வேண்டும், அதை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து இடத்தைப் பார்ப்பார். எங்களிடம் வந்த பி.எச்.ஐ. ஐயா, சமையலறையும் அரைக்கும் இடமும் ஒன்றாக இருக்கக் கூடாது, யன்னலுக்கு வலை, கழுவுமிடம், தண்ணீர் ஓடும் வழி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்போது எரிச்சலாக இருந்தது. செய்து முடித்த பிறகு என் சாமான் கெட்டுப்போவது குறைந்தது. பையில் நான் விட்ட பிழை வேறு. 2,000 பை, ஒன்று பதினைந்தரை ரூபாப்படி 31 ஆயிரத்துக்கு அச்சடித்தேன். தமிழில் மட்டும் பெயர், ஒரு லட்சுமி படம், தொலைபேசி இலக்கம். உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், சேர்மானங்கள், உச்ச சில்லறை விலை எதற்கும் இடம் விடவில்லை. பொருளின் பெயர் மூன்று மொழியிலும் இருக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது. எந்தக் கடையும் எடுக்கவில்லை. விதாதாவில் ஒரு மிஸ் பிறகு மாதிரி ஒன்று வரைந்து தந்தா. அச்சகத்துக்குப் போக முன் அந்த மாதிரித் தாளை பி.எச்.ஐ. இடமும் காட்டினேன். அதற்கு அரை நாள்தான் போனது.

2022 கடைசியில் இன்னொரு கதவு திறந்த மாதிரி இருந்தது. மெசினுக்கு அரைவாசி மானியம் என்றார்கள். அரைவாசி என்றதும் அவர்கள் பாதி தருவார்கள், நான் பாதி போடுவேன் என்றுதான் நினைத்தேன். கேட்டுப் பார்த்தால் முழுக் காசையும் நான் போட்டு வாங்க வேண்டும், அவர்கள் வந்து பார்த்து, பற்றுச்சீட்டைச் சரிபார்த்து, பிறகு பாதியைக் கணக்கில் போடுவார்கள். எத்தனை மாதம் என்று கேட்டேன், சொல்ல முடியாது என்றார்கள். அந்த இடைக்காலத்துக்குக் காசு இல்லாதவர்கள் வட்டிக்கு எடுத்துத்தான் போட வேண்டும். அந்த வட்டி மானியத்தைத் தின்றுவிடும். நான் கணக்குப் போட்டுப் பார்த்து விலகினேன். விலகியது சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கையில் காசு புரளக்கூடியவர்களுக்கு அது நல்ல திட்டம்தான். போவதென்றால் மூன்று இடத்தில் கொட்டேசன் எடுங்கள். அனுமதிக் கடிதத்தின் திகதிக்கு முந்திய பற்றுச்சீட்டை ஏற்கமாட்டார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு முதலில் வாங்கிவிட்டு ஏமாந்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும்.

முதல் விண்ணப்பத்துக்கு என்ன நடந்தது என்று பல மாதம் எவரும் சொல்லவில்லை. போகும்போதெல்லாம், "மறுகா வாங்க." ஒரு ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றிச் சொன்னார், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். அலுவலகத்தில் தகவல் அலுவலர் என்று ஒருவர் இருப்பார். அவரிடம் எழுத்தில் கேட்டால் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தமிழில் எழுதிக் கொடுத்தேன். என் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, எந்த அடிப்படையில் தெரிவு செய்தார்கள் என்று இரண்டு கேள்வி. பதில் வந்தது. அந்த வருட ஒதுக்கீடு முடிந்துவிட்டது, புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று. விடை கசப்புத்தான். ஆனாலும் அன்றிரவு எனக்கு நல்ல நித்திரை வந்தது. காத்திருப்பதை விட இல்லை என்று தெரிந்துகொள்வது மேல் என்று இருந்தது. எதைக் கொடுத்தாலும் ஒரு பிரதி எடுத்து அதில் கிடைத்த திகதியும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தப் பிரதி இருந்தபடியால்தான் கேட்க முடிந்தது.

மெசின்காரரிடம் முற்பணத்தை மீட்க நவம்பர் வரை போனது. அவரும் பழைய விலைக்குத் தர முடியாத நிலையில்தான் இருந்தார். ஊரில் பெரியவர் ஒருவரை வைத்துக் கதைத்து 1 இலட்சம் வாங்கினேன். 60 ஆயிரம் போனது போனதுதான். சங்கிலியை மீட்டது 2023 ஏப்ரலில். அதற்கு வட்டி 27 ஆயிரம். அறிக்கைக்கு 18, பைக்கு 31, பஸ்ஸுக்கும் பிரதி எடுப்புக்கும் 7 ஆயிரத்து 400. இந்தக் கணக்கை எழுதிய நாளில் கணவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, எழும்பிப் போய்க் கொட்டிலுக்கு வலை அடித்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் முற்பணம் கட்டிய மெசினின் மோட்டர் ஏழரைக் குதிரைவலு. அதற்குத் திரீ பேஸ் (மும்முனை) மின்சாரம் வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது சாதாரண இணைப்பு. அதை மாற்றுவதற்கு ஆகும் செலவை நானும் சேர்க்கவில்லை, 18 ஆயிரம் வாங்கியவரும் சேர்க்கவில்லை. மெசின் வந்திருந்தாலும் முற்றத்தில்தான் நின்றிருக்கும். மெசின் பார்க்கப் போகும்போது உங்கள் வீட்டு மின்சாரப் பட்டியலையும், தெரிந்த வயரிங்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

2023 தொடக்கத்திலிருந்து விற்ற காசை, 2,000 என்றாலும் 900 என்றாலும், தொழில் கணக்கில் போட்டுத்தான் எடுத்தேன். வருடக் கடைசியில் அதே வங்கிக்குப் போனேன். இந்த முறை சலுகைத் திட்டம் எதையும் கேட்கவில்லை. என் கொப்பி, கணக்கு அறிக்கை, நாலு பக்க அறிக்கை, துப்புரவான கிரிப். இரண்டரை இலட்சம், 16 வீத வட்டி, மூன்று வருடம். பிணைக்கு ஆசிரியர் மாமா நின்றார், தானாகவே வந்து. கல்முனைப் பக்கம் தொழிலை விட்ட ஒருவரிடம் சின்ன மெசின் ஒன்றை 1 இலட்சத்து 90 ஆயிரத்துக்கு எடுத்தோம், வீட்டு மின்சாரத்திலேயே ஓடும். 16 வீதம் கூடத்தான். குறைந்த வட்டிக்குப் பதினாறு மாதம் காத்திருந்ததில் நான் இழந்த காசு, இந்தக் கடனுக்கு நான் கட்டப்போகும் வட்டியை விடக் கூட. பிணைக்கு ஆள் இல்லாதவர்கள், சிறு தொழில்களின் கடனுக்கு வங்கியிடம் உத்தரவாதம் நிற்கும் தேசிய கடன் உத்தரவாத நிறுவனத்தின் வசதி உங்கள் வங்கியில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நான் அலைந்த காலத்தில் அது இருக்கவில்லை.

போன கிழமை பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் பிள்ளை ஒன்று பைலோடு வந்தது. பேக்கரிச் சாமான் செய்கிறாள், கையில் ஒரு சிபாரிசுக் கடிதம், முகமெல்லாம் சந்தோசம். பேக்கரி அவண் ஒன்றுக்கு முற்பணம் கட்ட அடுத்த நாள் போகப் போவதாகச் சொன்னாள். இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். என் கொப்பியைத் திறந்து முன்னால் வைத்தேன். இரண்டு மணித்தியாலம் இருந்து வாசித்தாள். எழும்பும்போது, "அக்கா, நான் என்ட அண்ணாட மோட்டார் சைக்கிளுக்குக் கையெழுத்து வச்சிருக்கன்" என்றாள். அடுத்த நாள் அவள் அவண் பார்க்கப் போகவில்லை. கிரிப் அறிக்கைக்கு விண்ணப்பிக்க நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போனோம். நான் அப்படியே பிரதேச செயலகத்துக்கும் போய் மாமியின் பெமிட்டைப் பற்றி விசாரித்தேன். இன்னும் இரண்டு கடிதம் வேண்டுமாம். பிரதியில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன்.